சிவக்காத ஆரத்தி

"சுண்ணாம்பு டப்பா எங்க?" என்று கமலக்கண்ணன் கேட்டபோது, அவன் மனைவி பாக்கியலட்சுமி கல்யாண வேனிலிருந்து முழுதாக இறங்கக்கூட இல்லை. ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்றாள்.

"எந்த டப்பா?"

"ஜன்னல்ல வச்சிருந்தேனே, எவர்சில்வர் டப்பா. ராஜாம்பா அக்காவோடது."

"அதுவா? நேத்து சாயங்காலமே குடுத்துட்டேன். உங்ககிட்ட குடுத்தத மறந்துட்டு, ஆரத்திக்கு சுண்ணாம்பக் காணோம்னு அக்கா தேடிகிட்டு இருந்தாங்க. நம்ம வீட்லதான கெடக்குன்னு நானே கொண்டுபோய்க் குடுத்தேன். நல்லா இருப்பம்மான்னாங்க."

அந்த டப்பாவில் இருந்தது சுண்ணாம்பு இல்லை. நேற்று மத்தியானம் வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. அந்த உண்மை கருவடிக்குப்பம் ஊரிலேயே கமலக்கண்ணன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு ராஜாம்பாளின் மகன் விஜய்க்கு அன்று விடியற்காலையில் மயிலம் முருகன் கோயிலில் கல்யாணம் முடிந்திருந்தது. பெண்களை ஏற்றிய வேன் முதலில் வந்துவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் வரும் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் ஆரத்தி சுற்றி மருமகள் உள்ளே வந்துவிட வேண்டும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ரத்தச் சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பைச் சுற்றிப் பொட்டு வைத்துத்தான் புதுப்பெண்ணை உள்ளே விடுவார்கள். சிவக்காவிட்டால்?

அப்படி ஒன்று நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இன்றைக்கு நடக்கப்போகிறது.

கமலக்கண்ணன் சுண்ணாம்பைக் கெடுக்க வேண்டும் என்று கெடுக்கவில்லை. படிக்கத்தான் செய்தான்.

மில் மூடிய நாளிலிருந்து அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே நடந்தே வயதான கால்கள், வீட்டுக்குள்ளும் நடந்தன. நடக்கிற வழியில் கைகள் எதையாவது கழற்றின. ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றி மாட்டினான். அதற்கப்புறம் அது ஓடவில்லை. மின்விசிறியின் சத்தத்தைச் சரிசெய்யப் போனான். சத்தம் நின்றது, காற்றும் நின்றது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வயரிங் வேலை கிடைக்கும். மற்ற நாட்களில் வீட்டுச் சாமான்கள் எல்லாம் அவனைக் கண்டு நடுங்கின. மயிலத்துக்குக் கூட அவனை அழைத்துப்போகாமல், பந்தலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ராஜாம்பாள் மரியாதையாக விட்டுப்போனதற்குக் காரணம், கோயில் மண்டபத்தில் ஏதாவது கழற்றிவிடுவான் என்ற பயம்தான்.

அப்படி இருந்தவனை உட்கார வைத்தது ஒரு குரல் செய்தி. மகள் கவிநிலா பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. அவளுடைய வேதியியல் ஆசிரியை பாரதி மிஸ் அவன் போனுக்குப் பேசி அனுப்பியிருந்தார்: "வணக்கம் சார். கவிநிலா கெமிஸ்ட்ரி படிக்கிறப்ப வீட்ல பெரியவங்க யாராவது கூட உக்காந்து படிச்சா ரொம்ப நல்லா இருக்கும்."

கமலக்கண்ணன் அதை நாலைந்து முறை கேட்டான். மகள் படிப்பில் தடுமாறுகிறாள் என்று புரிந்துகொண்டான். அன்று சாயங்காலமே பாயை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதலில் ஒன்றும் ஏறவில்லை. அணு, தனிமம், சேர்மம் எல்லாம் ஒரே கூட்டமாக வந்து மோதின. ஆனால் கவிநிலாவுக்கு தினம் ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு அவனுக்கு வந்தது. "அப்பா, அவலும் பொட்டுக்கடலையும் கலந்தா தனித்தனியாப் பொறுக்கிடலாம். வெந்த சோத்த மறுபடி அரிசியாக்க முடியுமா?" என்று அவள் கேட்பாள். அவன் ராத்திரி முழுக்க யோசித்து, அடுத்த நாள் கலவைக்கும் வேதிமாற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு விளக்குவான். அவள் வாயைப் பிளந்து கேட்பாள்.

சமன்பாடுகளைச் சமப்படுத்தும் பாடம் வந்தபோதுதான் அவனுக்கு உண்மையில் பிடித்துப்போயிற்று. உள்ளே போனது எல்லாம் வெளியே வந்தாக வேண்டும் என்று புத்தகம் சொன்னது. "இதுதான நாங்க மில்லுல பாத்தோம்" என்றான் கமலக்கண்ணன். "உள்ள போன பஞ்சு, வெளிய வந்த நூலு, தரையில விழுந்த கழிவு. மூணும் கூடலன்னா மேஸ்திரி விடமாட்டாரு." அன்றைக்கு அவன் கண் பளபளத்ததைப் பார்த்துப் பாக்கியலட்சுமி சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள்.

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவதை மட்டும் அவள் தன் வேலையாகவே வைத்துக்கொண்டாள். "நீங்க பாடத்தப் பாருங்க" என்பாள்.

அமிலமும் காரமும் வந்தபோது பழைய அரிப்பு திரும்பி வந்தது. மஞ்சள் தண்ணீரில் தாளை நனைத்துக் காயவைத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதில் எல்லாம் தோய்த்துப் பார்த்தான். சோப்புத் தண்ணீர், சிவப்பு. ரசம், மஞ்சள். பாக்கியலட்சுமி தலைக்குத் தேய்க்க வைத்திருந்த சீயக்காயிலும் ஒன்றைப் போட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியாக நடுநிலையாக்கல். காரத்தில் அமிலத்தை விட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் காரம் தீர்ந்துபோகும் என்று படித்தான். தீர்ந்துபோவதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? ராஜாம்பாளிடம் சுண்ணாம்பு டப்பாவை இரவல் வாங்கினான். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஊறுகாய்க்கு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாகப் பிழிந்து, தாள் சிவப்பதை நிறுத்தும் வரைக்கும் விட்டான். அது நின்ற நொடியில் அவனுக்கு ஒரு பெரிய அமைதி வந்தது. மேலே நின்ற தண்ணீரை வடித்துவிட்டு மூடி வைத்தான். பார்வைக்கு அதே வெள்ளை விழுது. ஆனால் அதில் காரம் செத்துப்போயிருந்தது.

புதுச் சுண்ணாம்பு வாங்கிப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தான். பாக்கியலட்சுமியின் நல்ல மனசு முந்திக்கொண்டது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. காரில் வந்துகொண்டிருந்த கல்யாணப்பெண் வேறு யாருமில்லை. பாரதி மிஸ்தான். கவிநிலா தன் மிஸ்ஸின் பெருமையை ராஜாம்பாளிடம் ஓயாமல் பேசிப் பேசியே இந்தச் சம்பந்தம் கூடி வந்தது. இனி மிஸ் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கப் போகிறார். அவர் முதன்முதலாகப் பார்க்கப்போவது கமலக்கண்ணன் கெடுத்த சுண்ணாம்பை.

அவன் பந்தலுக்குள் ஓடினான். ராஜாம்பாளின் நாத்தனார் சின்னப்பொண்ணு வாசலில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சகுனம் பார்ப்பதில் கைதேர்ந்தவள். பூனை குறுக்கே போனதற்காக ஒரு நிச்சயதார்த்தத்தையே நிறுத்தியவள் என்று பேச்சு. மஞ்சள் கரைத்தாகிவிட்டது. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து விரலால் வழித்துப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது.

"அத்தாச்சி, நான் வேணா நல்ல சுண்ணாம்பா வாங்கியாறட்டுமா?" என்றான் கமலக்கண்ணன்.

"இதுக்கு என்ன? ராஜாம்பா வெத்தலைக்குப் போடற டப்பா. மஞ்சதான் சரியில்ல போல" என்று சொல்லி சின்னப்பொண்ணு இன்னும் ஒரு பிடி மஞ்சளைக் கொட்டினாள். தண்ணீர் முன்னைவிட அழுத்தமான மஞ்சளாயிற்று.

கமலக்கண்ணன் திரும்பித் தெருமுனைக்கு ஓடினான். கொளஞ்சியின் பெட்டிக்கடையில், சுண்ணாம்பு தனியாகக் கிடையாது, வெற்றிலை வாங்கினால்தான் என்று கொளஞ்சி சட்டம் பேசினான். வெற்றிலை வாங்கினான். கொளஞ்சி நகத்தளவு தடவிக் கொடுத்தான். இன்னும் கொடு என்றான் இவன். இன்னும் வெற்றிலை வாங்கு என்றான் அவன். ஒருவழியாக நெல்லிக்காய் அளவு சுண்ணாம்பு தாளில் மடித்து வாங்கிக்கொண்டு, இடுப்பு நிறைய வெற்றிலையோடு கமலக்கண்ணன் திரும்பி வந்தபோது, பந்தலில் பேச்சே மாறிப்போயிருந்தது.

"கண்ணேறு" என்று சின்னப்பொண்ணு தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தாள். "பொல்லாத கண்ணு பட்டிருக்குது. அதான் நெறம் மாற மாட்டேங்குது." கண்ணேறுக்கு மருந்தாக எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமத்தில் ஒற்றி, இரண்டு மூடியையும் தாம்பாளத்துக்குள்ளேயே பிழிந்துவிட்டாள்.

கமலக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். முருகா, இன்னும் அமிலமா?

கார் வந்து நின்றது. மாலையும் கழுத்துமாக விஜயும் பாரதியும் இறங்கி வாசலில் வெயிலில் நின்றார்கள். பின்னால் கவிநிலா மிஸ்ஸின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ராஜாம்பாள் தாம்பாளத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"என்ன அண்ணி, இன்னும் செவக்கல?"

"நான் என்ன பண்ணுவேன்? உன் மருமவ கால் வைக்கிற நேரம் இப்படி இருக்குது" என்றாள் சின்னப்பொண்ணு. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் மெதுவாகச் சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

பாரதி தலையைக் குனிந்துகொண்டாள்.

கமலக்கண்ணன் கூட்டத்தில் நுழைந்து தாம்பாளத்தின் பக்கம் குந்தினான். தாளைப் பிரித்தான். மொத்தத்தையும் கொட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவன் படித்தவன். எதையும் சிறிது சிறிதாகத்தான் சேர்க்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஒரு கிள்ளு எடுத்து மெல்ல விட்டான்.

விழுந்த இடத்தில் சிவப்பு ஒரு பூப்போல விரிந்தது. பெண்கள் "ஆங்" என்றார்கள். குலவையிட ஒருத்தி வாயைக் குவித்தாள். சின்னப்பொண்ணு ஒரு சுற்றுக் கலக்கினாள். சிவப்பு அப்படியே மறைந்து மீண்டும் மஞ்சளாயிற்று.

குவித்த வாய் குவிந்தபடியே நின்றது.

"வந்த செவப்பு போயிடுச்சே" என்றாள் ராஜாம்பாள்.

வராமல் இருந்ததைவிட வந்து போனது மோசம் என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. சின்னப்பொண்ணு, செவந்தாலும் செவக்காவிட்டாலும் நேரம் போகிறது என்று வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றித் தாம்பாளத்தின் நடுவில் மிதக்கவிட்டாள். கமலக்கண்ணனுக்குக் கை பரபரத்தது. கையில் மீதிச் சுண்ணாம்பு இருப்பதே மறந்துபோயிற்று. காரம் வேண்டும். வேறு என்ன காரம்? ஆப்ப சோடா. பந்தல் ஓரத்தில் பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த சமையல்காரரிடமிருந்து ஒரு கரண்டி சோடாவை வாங்கிக்கொண்டு வந்து, யாரும் தடுப்பதற்குள் தாம்பாளத்தில் போட்டான்.

ஆரத்தி பொங்கியது.

புஸ்ஸென்று நுரை எழும்பி வெற்றிலையைத் தூக்கி, விளிம்பைத் தாண்டிச் சின்னப்பொண்ணுவின் பட்டுப்புடவை மடியில் வழிந்தது. கற்பூரம் இரண்டு முறை துடித்து அணைந்துபோனது.

கமலக்கண்ணனின் குரல் அவனையறியாமல் எழுந்தது.

"கார்பன் டை ஆக்சைடு" என்றான். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. புத்தகத்தில் போட்டிருந்தபடியே தீ அணைந்துவிட்டதே.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று சின்னப்பொண்ணு புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஆரத்தி கொதிக்குது, வெளக்கு அணையுது. என் வயசுக்கு இதக் கண்டதில்ல. இந்தப் பொண்ண இந்த நேரத்துல உள்ள கூப்புடறது..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. விஜய் அம்மாவைப் பார்த்தான். ராஜாம்பாள் தாம்பாளத்தைப் பார்த்தாள். பாரதியின் கண்ணில் தண்ணீர் நின்றது. இன்றைக்கு இந்த வாசலில் ஒட்டிக்கொள்கிற பேச்சு அவளை விடவே விடாது. பால் திரிந்தாலும் குழாய் உடைந்தாலும் ஆரத்தி சிவக்காத மருமகள் என்பார்கள். கமலக்கண்ணனுக்கு அது தெரிந்தது. ஊருக்கு முன்னால் அவன் முட்டாளாக நிற்பதா, ஒன்றும் அறியாத பெண் காலமெல்லாம் நிற்பதா என்று பார்த்தால், அதில் சமப்படுத்த ஒன்றுமில்லை.

எழுந்து நின்றான்.

"பொண்ணு மேல குத்தமில்லக்கா. நேரத்து மேலயும் இல்ல. சுண்ணாம்பக் கெடுத்தவன் நான்."

டப்பாவை வாங்கியதையும், எலுமிச்சை பிழிந்ததையும், தாள் சிவப்பதை நிறுத்தியதையும் ஒன்று விடாமல் சொன்னான். பாக்கியலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஊறுகாய்ப் பழம் எங்கே போயிற்று என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

ராஜாம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த மில்ல மூடினப்ப உன்ன உள்ள வச்சே மூடியிருக்கணும்டா தம்பி" என்றாள். ஆனால் சொல்லும்போதே அவள் தோள் இறங்கியது. மூச்சும் வந்தது. கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். பின்னால் இன்னொருத்தி.

"கெடுத்தது சரி, இப்ப எப்படிச் செவக்கும்?" என்றாள் சின்னப்பொண்ணு, தோற்க மனமில்லாமல்.

கமலக்கண்ணன் தலையைச் சொறிந்தான். படித்த பாடம் எல்லாம் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஆவியாகிப் போய்விட்டிருந்தது.

"அப்பா" என்று பின்னாலிருந்து கவிநிலாவின் குரல் கேட்டது. நிதானமாகச் சொன்னாள். "அத்த பிழிஞ்ச எலுமிச்சம்பழத்தோட புளிப்பு இன்னும் மிச்சம் இருக்குது. சோடா கொஞ்சத்தத் தின்னுருக்கு, அவ்வளவுதான். உன் கையில இருக்கிற சுண்ணாம்பு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுடு. அது தீந்ததுக்கு மேல போற சுண்ணாம்புதான் செவக்க வைக்கும். அப்புறம் கலக்குனாலும் போவாது."

கமலக்கண்ணன் கையைப் பார்த்தான். தாளில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. மொத்தத்தையும் போட்டான். சின்னப்பொண்ணு கலக்கினாள். ஓரத்திலிருந்து கிளம்பிய சிவப்பு நடு வரைக்கும் வந்து, தாம்பாளம் முழுவதும் செம்பருத்தி நிறத்தில் நின்றது. மறுபடி கலக்கினாள், சந்தேகத்தோடு. போகவில்லை.

குலவை எழுந்தது. புதுக் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார்கள். பொட்டு வைத்தார்கள். ராஜாம்பாள் மருமகளின் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். பாரதி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தபோது ராகுகாலம் பிறக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. முருகன் கணக்கு எப்போதும் நெருக்கடியில்தான் சரியாக வரும்.

பாலும் பழமும் கொடுத்து முடிந்து, கூட்டம் பஜ்ஜிப் பக்கம் நகர்ந்தது. பாரதி கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கவிநிலா விசிறிக்கொண்டிருந்தாள். கமலக்கண்ணன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். இடுப்பில் இன்னும் வெற்றிலை துருத்திக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க மிஸ். வந்த அன்னைக்கே உங்கள வெயில்ல நிக்க வச்சிட்டேன்."

"பரவால்ல மாமா. என் பேருக்கு வர இருந்தத நீங்க வாங்கிகிட்டீங்க. அத நான் மறக்க மாட்டேன்."

மாமா என்ற சொல்லில் கமலக்கண்ணன் கொஞ்சம் நிமிர்ந்தான். மகளைப் பார்த்தான். அடக்கிவைத்த பெருமை அப்போதுதான் வெளியே வந்தது.

"ஆனா ஒண்ணு மிஸ். எம்பொண்ணு பேசினதக் கேட்டீங்கல்ல? ஒண்ணுமே பிடிபடாத பொண்ணு. நீங்க சொன்னீங்கன்னுதான் கூட உக்காந்தேன். தெனம் சந்தேகம் கேப்பா, தெனம் சொல்லிக்குடுப்பேன். இன்னிக்கு எனக்கே சொல்லிக்குடுக்கிறா."

கவிநிலா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"இனிமே எனக்கு வேலை இல்ல" என்றான் கமலக்கண்ணன். சொல்லும்போது குரல் தானாக இறங்கியது. கண் கூடத்து மின்விசிறியின் பக்கம் போய், அதன் திருகாணிகளில் நின்றது. "நீங்களே பக்கத்து வீட்டுக்கு வந்துட்டீங்க. இனி அவளுக்கு நீங்களே சொல்லிக்குடுத்துருங்க. நான் புத்தகத்த மூடிடறேன்."

பாரதி கவிநிலாவைப் பார்த்தாள். கவிநிலா வேண்டாம் என்று தலையாட்டினாள். பாரதி மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு கமலக்கண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மூடாதீங்க மாமா, திங்கக்கெழம அடுத்த பாடம் ஆரம்பிக்கணும்; கவிநிலா என் வகுப்புல எப்பவும் முதல் மார்க்கு, 'மில்லு மூடுனதுலேருந்து எங்கப்பா ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறாரு, அவர உக்கார வைக்க ஒரு வழி சொல்லுங்க மிஸ்'னு வந்து நின்னது அவதான்."